ஒரு நாள், நான்கு அறைகள்: ஃபங்ஷனல் புரோகிராமிங் மாநாட்டில் எந்தப் பயிலரங்கில் உட்காருவது?

மாநாட்டு அட்டவணை வெளியானதும் வரும் கேள்வி அநேகமாக இதுதான்: "கம்பெனி செலவில் ஒரு டிக்கெட் கிடைத்திருக்கிறது. பயிலரங்கு நாளில் நாலும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. எதை எடுப்பது?" கேட்பவர்கள் பெரும்பாலும் நாலைந்து வருடம் ஜாவாவோ டைப்ஸ்கிரிப்டோ பைத்தானோ எழுதியவர்கள். மேப், ஃபில்டர், ரெட்யூஸ் எல்லாம் கைவந்தவை. அதற்கு மேல் ஃபங்ஷனல் புரோகிராமிங்கில், அதாவது ஃபங்ஷன்களைக் கோத்தே நிரல் எழுதும் முறையில், என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசை. மேனேஜருக்கும் ஏதாவது காரணம் சொல்லியாக வேண்டும்.

2014-இல் பெங்களூரில் தொடங்கிய ஃபங்ஷனல் கான்ஃப் ஆகட்டும், போலந்தின் கிராகோவில் நடக்கும் லாம்ப்டா டேஸ் ஆகட்டும், 2025-இல் சிங்கப்பூருக்கு வந்த ஐ.சி.எஃப்.பி. என்ற சர்வதேச ஆய்வு மாநாடு ஆகட்டும், இந்த வகை மாநாடுகளில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் பயிலரங்குகள் நான்கு வகை: ஹாஸ்கெல் அறிமுகம், குளோஜர், எலிக்சிர் அல்லது எர்லாங், பிராப்பர்டி டெஸ்டிங். முதல் மூன்றும் ஃபங்ஷனல் மொழிகளைப் பற்றியவை; நான்காவது எந்த ஒரு மொழியையும் சாராத, டெஸ்ட் எழுதும் உத்தி. அதனாலேயே பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இந்த நான்கையும்தான் இங்கே எடை போடுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

பாடம் இன்று எங்கும் இலவசமாகக் கிடைக்கிறது. ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் ஹாஸ்கெல் பாடத்திட்டம் பயிற்சிகளோடு இணையத்தில் கிடக்கிறது. எக்சர்சிஸம் தளத்தில் குளோஜரும் எலிக்சிரும் உண்டு. பிறகு எதற்குக் காசு கொடுத்துப் பயிலரங்கு? நீங்கள் சிக்கிக்கொள்ளும் அந்தப் பத்து நிமிடத்தில், தெரிந்த ஒருவர் பக்கத்தில் வந்து குனிந்து உங்கள் திரையைப் பார்ப்பதற்காக. காசு அதற்குத்தான். ஆகவே என் முதல் அளவுகோல்: வீட்டில் தனியாக உட்கார்ந்தால் எங்கே சிக்குவீர்கள்? அந்த இடத்துக்கு இந்தப் பயிலரங்கு உங்களைக் கொண்டுபோகுமா? வீட்டிலேயே தானாக வந்துவிடும் விஷயத்துக்கு ஒரு நாளைக் கொடுப்பது வீண்.

இரண்டாவது, கை ஓடும் நேரம். எட்டு மணி நேரத்தில் நீங்கள் எவ்வளவு நேரம் தட்டச்சு செய்வீர்கள்? "செய்முறை" என்று போட்டுவிட்டு நாள் முழுக்க ஸ்லைடு ஓட்டுபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

மூன்றாவது, நிறுவும் பாடு. கேட்டால் சின்ன விஷயம்போல் இருக்கும்; காலை அமர்வையே விழுங்குவது இதுதான்.

நான்காவது, திங்கட்கிழமை. அலுவலகத்தில் போய் உட்கார்ந்த பிறகு கற்றதில் எதைத் தொட முடியும்? இதற்கு நான் முதலிடம் கொடுப்பதில்லை. பிடித்ததைக் கற்க அலுவலகத்தின் அனுமதி தேவையில்லை. ஆனால் கம்பெனி காசில் போகிறீர்கள் என்றால் இந்தக் கேள்வி வந்தே தீரும்.

## ஹாஸ்கெல் அறிமுகம்

பெயருக்காகவே முதலில் நிரம்பும் அறை இது. 1990-இல் முதல் வரையறை வெளிவந்த மொழி. இன்று மற்ற மொழிகளில் புதிதாகப் பேசப்படும் பல விஷயங்களை இங்கே நேரடியாகப் பார்க்கலாம். "ஒரு தடவையாவது ஹாஸ்கெல் எழுதிப் பார்த்துவிட வேண்டும்" என்ற ஆசையில் தவறே இல்லை.

தனியாகச் சிக்கும் இடம் எது? மொனாட் (செயல்களை வரிசையாகக் கோக்க ஹாஸ்கெல் பயன்படுத்தும் கருத்து) என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதற்கு வெகு முன்னால், கம்பைலர் பதினைந்து வரிக்கு எரர் கொட்டும்போது அதில் எந்த வரியைப் படிப்பது என்று தெரியாமல் நிற்பதுதான் முதல் சிக்கல். இந்த இடத்தில் பக்கத்தில் ஆள் இருப்பது பெரிய உதவி. நல்ல பயிற்றுநர் முதல் ஒரு மணி நேரத்திலேயே ஒரு பழக்கத்தைக் கையில் கொடுத்துவிடுவார்: என்ன எழுதுவது என்று தெரியாத இடத்தில் ஓர் அடிக்கோடு போட்டுவிட்டு கம்பைல் செய்வது. உதாரணமாக, எண்களின் பட்டியல் ஒன்றை எழுத்துச்சரங்களின் பட்டியலாக மாற்ற வேண்டும். மேப் என்று எழுதிவிட்டீர்கள், அதற்குள் எந்த ஃபங்ஷனைக் கொடுப்பது என்று தெரியவில்லை. அடிக்கோடு போட்டால், "இங்கே எண்ணை வாங்கி எழுத்துச்சரம் தரும் ஒன்று வேண்டும், கையிருப்பில் பொருந்துபவை இவை" என்று கம்பைலரே பட்டியல் போடும். ஷோ என்ற ஃபங்ஷன் அதில் இருக்கும். எடுத்துப் போட்டால் வேலை முடிந்தது. எரரைக் கண்டு பயந்துகொண்டிருந்தவர் அதற்குப் பிறகு கம்பைலரிடம் கேள்வி கேட்கத் தொடங்கிவிடுவார். புத்தகத்தில் இதைப் படிக்கலாம்தான். ஆனால் ஒருவர் செய்துகாட்டும்போது பிடிபடும் வேகமே வேறு.

மறைந்திருக்கும் செலவு இங்கேதான் அதிகம். ஜி.எச்.சி.அப் என்ற நிறுவும் கருவி வழியாக கம்பைலரையும் எடிட்டர் துணைக்கருவியையும் இறக்கினால் பல ஜிகாபைட் போகும். நாற்பது பேர் ஒரே வைஃபையில் அதைச் செய்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று கம்பெனி லேப்டாப். அட்மின் உரிமை இருக்காது, புராக்ஸி குறுக்கே நிற்கும், ஐ.டி. பிரிவுக்கு டிக்கெட் போட்டால் பயிலரங்கு முடிந்த மறுவாரம் பதில் வரும். சொந்த லேப்டாப் இல்லை என்றால் இந்த அறையைப் பற்றி இரண்டு தடவை யோசியுங்கள்.

நேரக் கணக்கும் உண்டு. ஒரே நாள் என்றால் காலையில் பட்டியல்கள், மதியம் மேபி (மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்று காட்டுவது) போன்ற டைப்புகள், மாலையில் உள்ளீடு-வெளியீடு. வெளியுலகத்தோடு பேசும் ஒரு நிரலை எழுதிப் பார்ப்பதற்குள் மணி ஐந்தாகிவிடும். இரண்டு நாள் பயிலரங்கு என்றால் நிலைமை வேறு; அது கிடைத்தால் விடாதீர்கள்.

திங்கட்கிழமைக்கு நேரடிப் பயன் குறைவு. பெங்களூரின் பணப் பரிமாற்றத் தொழில்நுட்ப நிறுவனமான ஜஸ்பே ஹாஸ்கெலில் எழுதுகிறது. ஃபேஸ்புக் தன் ஸ்பேம் தடுப்பு அமைப்பின் விதிகளை 2015 வாக்கில் ஹாஸ்கெலுக்கு மாற்றியது. ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கி தனக்கென ஒரு ஹாஸ்கெல் வகையையே வைத்திருக்கிறது. அந்த மாதிரி இடத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால் கணக்கு வேறு. இல்லாவிட்டால், இது பார்வையை மாற்றும் நாள் என்று வைத்துக்கொண்டு போங்கள். அதுவும் நல்ல காரணம்தான்; மேனேஜரிடம் அப்படிச் சொன்னால் எடுபடாது, அவ்வளவே.

## குளோஜர்

2007-இல் ரிச் ஹிக்கி வெளியிட்ட மொழி, ஜாவா நிரல்களை ஓட்டும் ஜே.வி.எம். மேல் ஓடுவது. அடைப்புக்குறிகளைப் பார்த்து மிரள்பவர்கள் அரை மணி நேரத்தில் அவற்றை மறந்துவிடுவார்கள். அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

இங்கே கற்க வேண்டியது வேலை செய்யும் விதம். சர்வர் ஓடிக்கொண்டே இருக்கும். எடிட்டரில் ஒரு ஃபங்ஷனை மாற்றுகிறீர்கள், கர்சரை அதன் முடிவில் வைத்து ஒரு விசையை அழுத்துகிறீர்கள், மாறிய ஃபங்ஷன் ஓடும் நிரலுக்குள் போய் உட்காருகிறது. எதையும் நிறுத்தவில்லை, மறுபடி தொடங்கவில்லை. விடை அந்த வரியின் ஓரத்திலேயே தெரிகிறது. ஸ்பிரிங் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க்கில் எழுதிய அப்ளிகேஷன் எழும்பும்வரை டீ குடித்துவிட்டு வரும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது அதிர்ச்சி வைத்தியம்.

இதை எழுத்தில் விளக்குவது கடினம். அனுபவப்பட்டவர் எந்தச் சின்னத் துண்டை முதலில் ஓட்டுகிறார், எப்போது நிறுத்தி டேட்டாவை எட்டிப் பார்க்கிறார் என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். என் முதல் அளவுகோலில் குளோஜர் நன்றாகத் தேறுவது இதனால்தான். பயிற்றுநர் கோப்பு முழுவதையும் எழுதி முடித்துவிட்டு டெர்மினலில் போய் ஓட்டுகிறார் என்றால், அது குளோஜர் தொடரியல் வகுப்பு. அந்த நாளுக்கான காசு போச்சு.

நிறுவும் பாடு நடுத்தரம். ஜாவா ஏற்கெனவே இருக்கும். வி.எஸ். கோடு எடிட்டரில் கால்வா என்ற குளோஜர் துணைக்கருவியைப் போட்டால் போதும். பயிலரங்கு நாளில் ஈமேக்ஸ் எடிட்டரையும் கற்றுக்கொள்ளலாம் என்று மட்டும் கிளம்பாதீர்கள்; ஒரே நாளில் இரண்டு மலை ஏற முடியாது. இன்னொரு தொல்லை எரர் செய்திகள். ஜாவாவின் நீண்ட ஸ்டாக் ட்ரேஸ் அப்படியே வந்து விழும். ஜாவாக்காரர்களுக்கு அது பழக்கம், பைத்தானிலிருந்து வருபவர்களுக்குத் தலைவலி.

ஆகவே ஜாவா டீமில் இருப்பவர், சின்ன உள்வேலைக் கருவிகளைத் தன் விருப்பப்படி எழுத இடம் உள்ளவர், இதை எடுக்கலாம். டைப்புகளைப் பற்றிக் கற்க வருபவருக்கு இது தவறான அறை.

## எலிக்சிர், எர்லாங்

எரிக்சன் நிறுவனத்தில் தொலைபேசி இணைப்பகங்களுக்காக 1980-களில் பிறந்தது எர்லாங். எர்லாங் ஓடும் அதே மெய்நிகர் இயந்திரத்தின் மேல் ஜோசே வலிம் கட்டியது எலிக்சிர். ஒரே சர்வரில் இருபது லட்சம் இணைப்புகளைத் தாங்கியதாக 2012 ஜனவரியில் வாட்ஸ்அப் எழுதியது. அது ஓடியது எர்லாங்கில். இந்த ஒரு வரியே அறையை நிரப்பிவிடும்.

ஆனால் எலிக்சிரின் ஆவணங்கள் அருமையானவை. மொழியையும் ஃபீனிக்ஸ் என்ற வெப் ஃபிரேம்வொர்க்கையும் அவற்றை வைத்தே வீட்டில் கற்றுவிடலாம். "ஒரு நாளில் சாட் அப்ளிகேஷன்" என்று விளம்பரம் செய்யும் பயிலரங்குகளை நான் பரிந்துரைக்காததற்குக் காரணம் இதுதான். மாலையில் சாட் ஓடும், உங்களுக்கும் சந்தோஷமாக இருக்கும், கற்றது என்னவோ இன்னொரு வெப் ஃபிரேம்வொர்க்.

தேட வேண்டியது தவறு தாங்கும் வடிவமைப்பைப் பற்றிய பயிலரங்கு. அதில் நடப்பதைச் சொல்கிறேன். எண்ணிக்கை வைத்திருக்கும் ஒரு சின்ன புராசஸ் எழுதுகிறீர்கள். அதன் மேல் ஒரு சூப்பர்வைசர். எண்ணிக்கை 57 வரை போனதும், ஷெல்லிலிருந்து அந்த புராசஸை நீங்களே கொல்கிறீர்கள். கண் இமைப்பதற்குள் சூப்பர்வைசர் புதிதாக ஒன்றை எழுப்பிவிடுகிறது. அறையில் கைதட்டல். பிறகு எண்ணிக்கையைக் கேட்டுப் பார்க்கிறீர்கள்: பூஜ்யம். அந்த 57 எங்கே போனது, அது போனால் பரவாயில்லையா, போகக் கூடாது என்றால் யாரிடம் கொடுத்து வைப்பது? இந்தக் கேள்விகளிலிருந்துதான் உண்மையான பாடம் தொடங்குகிறது. விடை ஒவ்வொரு அமைப்புக்கும் மாறும். தெரிந்தவரோடு வாதம் செய்துதான் இதில் தெளிவு வரும்.

நிறுவுவது பொதுவாக எளிது, லைவ்புக் (உலாவியிலேயே எலிக்சிர் எழுதி ஓட்டும் கருவி) வந்த பிறகு இன்னும் எளிது. ஒரே எச்சரிக்கை: ஏ.எஸ்.டி.எஃப். என்ற பதிப்பு மேலாண்மைக் கருவி வழியாக எர்லாங்கை நிறுவினால் அது மூலத்திலிருந்து கம்பைல் ஆகும். அதை முந்தின இரவே முடித்துவிடுங்கள்.

## பிராப்பர்டி டெஸ்டிங், உங்கள் மொழியிலேயே

கூட்டம் குறைவாக இருக்கும் அறை இது. எனக்குப் பிடித்ததும் இதுதான்.

2000-ஆம் ஆண்டு கோயன் கிளாசனும் ஜான் ஹியூஸும் ஹாஸ்கெலுக்காக எழுதிய குவிக்செக்கில் தொடங்கிய உத்தி. இன்று பைத்தானில் ஹைபோதிசிஸ், ஜாவாஸ்கிரிப்டில் ஃபாஸ்ட்-செக், ஜாவாவில் ஜேகுவிக். உதாரணம் உதாரணமாக டெஸ்ட் எழுதுவதை விட்டுவிட்டு, "எந்த உள்ளீடு வந்தாலும் இது உண்மையாக இருக்க வேண்டும்" என்று ஒரு விதியை எழுதுகிறீர்கள். கருவி தற்போக்காக நூற்றுக்கணக்கான உள்ளீடுகளைக் கொடுத்து அதை உடைக்கப் பார்க்கும்.

ஹோட்டல் பில்லை நண்பர்களுக்குள் பிரிக்கும் ஃபங்ஷன் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தொகையைப் பைசாவாக்கி, ஆள் எண்ணிக்கையால் முழுஎண் வகுத்தல் செய்கிறது. உங்கள் டெஸ்ட்: 100 ரூபாய், 4 பேர், ஆளுக்கு 25. பச்சை, டெஸ்ட் தேறியது. இப்போது விதியை எழுதுங்கள்: எல்லோருடைய பங்கையும் கூட்டினால் மொத்தத் தொகை வர வேண்டும். ஓட்டியதும் சிவப்பு. 7,34,912 பைசாவை 37 பேருக்குப் பிரித்தபோது 18 பைசா காணவில்லை என்கிறது. அதோடு நிற்காமல், தவறு இன்னும் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே எண்களைச் சுருக்கிச் சுருக்கிக் கடைசியில் கையில் கொடுக்கிறது: 1 பைசா, 2 பேர். ஒரு பைசாவை இரண்டு பேருக்குப் பிரித்தால் ஆளுக்குப் பூஜ்யம். அந்த ஒரு பைசா மாயம். பிழை என்ன என்று இதற்கு மேல் யாரும் விளக்க வேண்டாம்.

கருவியைக் கற்கப் பத்து நிமிடம் போதும். ஒரே கட்டளையில் நிறுவிவிடலாம். கம்பெனி லேப்டாப்பிலும் பெரும்பாலும் ஓடிவிடும். கஷ்டம் எங்கே என்றால், உங்கள் சொந்த நிரலுக்கு விதி கண்டுபிடிப்பதில். "பட்டியலை இரண்டு முறை திருப்பினால் பழையபடி வரும்" என்ற உதாரணத்தைப் படித்துவிட்டு, நம்முடைய ஆர்டர் சர்வீசுக்கு என்ன விதி எழுதுவது என்று விழித்துக்கொண்டு கைவிட்டவர்கள் நிறைய. பலரும் செய்வது, ஃபங்ஷனில் எழுதியதையே டெஸ்டிலும் திரும்ப எழுதுவது. அதனால் எந்தப் பயனும் இல்லை. அந்த இடத்தில்தான் ஆள் வேண்டும். "இரண்டு முறை அழைத்தால் என்ன ஆகும்? வரிசையை மாற்றிக் கொடுத்தால்? இதைத் தலைகீழாக்கும் செயல் எது?" என்று ஒருவர் பக்கத்தில் நின்று கிண்டக் கிண்ட விதிகள் வெளியே வரும்.

இதற்கும் மறைவான செலவு உண்டு. சொந்த நிரலைக் கொண்டுவந்தால்தான் முழுப்பயன். ஆனால் கம்பெனி நிரலை வெளியே காட்டக் கூடாது. ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் முந்தின வாரமே அதே தர்க்கத்தைப் பெயர் மாற்றிச் சின்னதாக எழுதி எடுத்துப் போக வேண்டும். வெறும் கையோடு போனால் நாள் முழுக்கப் பட்டியலைத் திருப்பிக்கொண்டிருப்பீர்கள். இன்னொரு குறை: ஃபங்ஷனல் மொழி ஒன்றைத் தொட்டுப் பார்க்கும் சுகம் இதில் இல்லை. நண்பர்களிடம் சொல்லிக்கொள்ளவும் அவ்வளவு எடுப்பாக இருக்காது.

## ஒரே பார்வையில்

| | ஹாஸ்கெல் | குளோஜர் | எலிக்சிர் / எர்லாங் | பிராப்பர்டி டெஸ்டிங் |
|---|---|---|---|---|
| பக்கத்தில் ஆள் தேவைப்படும் இடம் | கம்பைலரோடு பேசுவது | வேலை செய்யும் விதம் | தவறு தாங்கும் வடிவமைப்பு | விதி கண்டுபிடிப்பது |
| வீட்டிலேயே கற்பது | முடியும், மெதுவாக | தொடரியல் மட்டும் | பெரும்பகுதி முடியும் | கருவி மட்டும் |
| நிறுவும் பாடு | அதிகம் | நடுத்தரம் | குறைவு | மிகக் குறைவு |
| திங்கட்கிழமைப் பயன் | குறைவு | ஜாவா டீமில் கொஞ்சம் | நிகழ்நேர அமைப்புகளில் உண்டு | உடனடி |
| தவிர்க்க வேண்டியது | கம்பெனி லேப்டாப் | டெர்மினலிலேயே ஓட்டும் பயிற்றுநர் | சாட் அப்ளிகேஷன் கட்டும் நாள் | வெறும் கையோடு போவது |

மற்ற ஃபங்ஷனல் மொழிகளான ஸ்காலா, ஓகாமல், எஃப் ஷார்ப் எங்கே என்று கேட்பீர்கள். டாட்நெட் டீமில் இருந்தால் எஃப் ஷார்ப் தாராளமாகப் போகலாம், கருவி ஏற்கெனவே உங்கள் எஸ்.டி.கே.வுக்குள் இருக்கிறது. ஸ்காலாவில் ஒரு குழப்பம் உண்டு: ஸ்பார்க் என்ற டேட்டா கருவிக்கு நிரல் எழுதுவதால் ஸ்காலா தெரியும் என்று நினைத்து, கேட்ஸ் எஃபெக்ட் என்ற ஃபங்ஷனல் நூலகத்தின் பயிலரங்கில் போய் உட்காருபவர்கள் மதியச் சாப்பாட்டுக்குள் தொலைந்துபோவார்கள். இரண்டும் கிட்டத்தட்ட இரண்டு மொழிகள். ஓகாமல், வேலைக்காகத் தேவைப்படுபவர்களுக்கு.

## நான் யாருக்கு எதைச் சொல்வேன்

கம்பெனி காசு, கம்பெனி லேப்டாப், ஃபங்ஷனல் மொழி எதுவும் அலுவலகத்தில் இல்லை: யோசிக்காமல் பிராப்பர்டி டெஸ்டிங். சென்னை, கோவை, பெங்களூரில் எனக்குத் தெரிந்த டெவலப்பர்களில் பெரும்பாலோர் இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறார்கள்.

சொந்தக் காசு, சொந்த லேப்டாப், ஆர்வம் மட்டும்தான் காரணம்: ஹாஸ்கெல். ஆனால் போவதற்கு முன் ஹெல்சிங்கி பாடத்தில் முதல் சில பகுதிகளையாவது முடித்துவிடுங்கள். அப்போதுதான் சிக்கல்களோடு போவீர்கள். பயிற்றுநரின் நேரம் தொடரியலில் கரையாது.

நிகழ்நேர அறிவிப்புகள், வண்டி கண்காணிப்பு, சாட் போன்ற அமைப்புகளைப் பராமரித்து நள்ளிரவில் போனில் எழுப்பப்படுபவர்: எலிக்சிர், மேலே சொன்ன நிபந்தனையோடு. எலிக்சிரை அலுவலகத்துக்குக் கொண்டுவர முடியாவிட்டாலும், எது விழுந்தால் எது விழ வேண்டும் என்று யோசிக்கும் பழக்கம் உங்களோடு வரும்.

கல்லூரி மாணவர்கள் டிக்கெட்டுக்குச் செலவழிக்கும் முன், தன்னார்வலர்களுக்கும் மாணவர்களுக்கும் சலுகை உண்டா என்று அமைப்பாளர்களிடம் கேட்டுவிடுங்கள். வெளிநாட்டில் படிப்பவர்களுக்கு இன்னொரு வழி: சுவிட்சர்லாந்தின் ராப்பர்ஸ்வில் ஊரில் நடக்கும் ஜூரிஹேக். ஹாஸ்கெல்காரர்கள் சேர்ந்து உட்கார்ந்து நிரல் எழுதும் கூட்டம், நுழைவுக் கட்டணம் கிடையாது. பல பயிலரங்குகளைவிடக் கை அதிகம் ஓடுவது அங்கேதான்.

## பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

பயிலரங்குக் கட்டணம் மாநாட்டு டிக்கெட்டில் அடங்குமா, தனியா என்று பாருங்கள். பெரும்பாலும் தனி, ஜி.எஸ்.டி. அதற்கு மேல். பயிலரங்குகள் மாநாட்டுக்கு முந்தின நாளோ மறுநாளோ வைக்கப்படுவதால் ஒரு நாள் லீவும் ஓர் இரவு ஹோட்டலும் சேரும். சென்னையிலிருந்து பெங்களூருக்குக் காலை ரயிலில் போனால், ஒன்பது மணிக்குத் தொடங்கும் வகுப்பைப் பிடிக்க முடியாது. முதல் மணி நேரத்தைத் தவறவிட்டவர் செய்முறை அறையில் நாள் முழுக்கத் துரத்திக்கொண்டே இருப்பார். இணையவழிப் பயிலரங்கில் இந்தச் செலவெல்லாம் இல்லை. ஆனால் பக்கத்தில் வந்து குனிந்து பார்க்கும் ஆளும் இல்லை. உதவியாளர்கள் தனித்தனி அறைகளில் வந்து திரையைப் பார்ப்பார்களா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

பயிற்றுநரின் கிட்ஹப் பக்கத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள். பயிற்சிக்கான ரிப்பாசிட்டரி இருக்கிறதா? பாதி எழுதிய ஃபங்ஷன்களும் தோற்கும் டெஸ்டுகளும் அதில் இருந்தால் அவர் உங்களை எழுத வைக்கப்போகிறவர். வெறும் பி.டி.எஃப். மட்டும் இருந்தால் அந்த உரையைப் பிறகு வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம். எதுவும் கிடைக்காவிட்டால் அமைப்பாளருக்கு இரண்டு வரி மெயில் அனுப்புங்கள்: எத்தனை பேர், எத்தனை உதவியாளர்கள், மதியம் மூன்று மணிக்கு நாங்கள் எதை எழுதிக்கொண்டிருப்போம்? மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் வரும் அறையை எடுங்கள், மேலே நான் சொன்ன வரிசை எதுவாக இருந்தாலும்.